மண்டையோடு போட்ட டிரம்

சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் கோடையானால் அல்சூர் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் பிடித்துவைக்க ஒரு டிரம் இருந்தால் அதுதான் வசதியான வீடு. முலாம் பூசும் பேக்டரியில் எண்ணெய் டிரம் காலியானால், முதலில் கைவைத்தவன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போகலாம். சயனைடு கழிவு ஊற்றியதை மட்டும் தொடக்கூடாது. அதன்மேல் சிவப்பு பெயிண்டில் மண்டையோடு வரைவது பெருமாள்சாமியின் வேலை.

வேலியே பயிரை மேய்ந்தது. நல்ல எண்ணெய் டிரம் கண்ணில் பட்டால் அதிலும் ஒரு மண்டையோட்டைப் போட்டு ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுவான். எவனும் கிட்டே வரமாட்டான். பிறகு தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பக்கத்து வீட்டு முனிராஜுக்கும் அதே பேக்டரிதான். மனைவி காந்தாவுக்கு வளைகாப்பு வைத்திருந்தான்.

"ஷெட்டுக்குப் பின்னால உனக்கு வெச்சிருக்கேன். மண்டையோடு இருக்கும், பயப்படாத. சும்மா போட்டது," என்றான் பெருமாள்சாமி.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அன்று பார்த்து, அவன் முன்பே மண்டையோடு போட்டிருந்த கழிவு டிரம் ஒன்றையும் அதே சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டுமே பெருமாள்சாமி அண்ணன் ஒதுக்கிவைத்தது என்று நினைத்த முனிராஜ், கைக்கு எட்டியதை உருட்டிவந்து, அலசி, தண்ணீர் நிரப்பினான்.

வளைகாப்பன்று வாசலில் நுழையும்போதே பெருமாள்சாமி டிரம்மைப் பார்த்தான். விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எண்ணெய் டிரம்மில் உப்பு ஏது? கழிவு டிரம்மில்தான் அப்படிப் பூக்கும்.

"யாரும் குடிக்காதீங்க," என்று கத்திக்கொண்டே அதைக் கவிழ்த்தான். தண்ணீர் கோலத்தின்மேல் ஓடியது. அதற்குள் காந்தா வெயிலுக்கு ஒரு சொம்பு குடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜட்கா வண்டியிலேயே, கை நிறைய வளையலோடு, உயிர் போய்விட்டது.

விசாரணை வந்தது. சூப்பர்வைசர் யூஜின் பெருமாள்சாமியைக் கூப்பிட்டார்.

"அந்த டிரம்ல மார்க் போட்டியா, மேன்?"

"போட்டேன் சார்."

"அப்போ உன் மேல தப்பில்ல. போ."

நல்ல டிரம்மிலும் போட்டதைச் சொல்லாமல் சலாம் வைத்துவிட்டு நடந்தான். பாவி, பிழைத்துக்கொண்டான். வெளியே முனிராஜ் நின்றிருந்தான். அவன் தன்னை அடித்தால் தேவலை என்றிருந்தது பெருமாள்சாமிக்கு.

முனிராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மண்டையோட்டப் பாத்துமா எடுத்தேன்னு எல்லாரும் என்னைக் காறித் துப்பறாங்கண்ணா. துப்பட்டும். நீ சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. உன் வேலை போயிடும்."