பில்லின் பின்பக்கம்

ஆரோக்கிய ஷீலா என் மெஸ் பில்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். ஆடிட்டர் ஆபீசில் என் தண்ணீர் மோட்டார் கடைக் கணக்கைப் பார்ப்பவள் அவள். கோயில் பாடற்குழுவில் அவள் குரல் இழையும்; கணக்கென்று வந்தால் அந்த இழைவெல்லாம் கிடையாது. வியாபாரத்துக்காக வாங்கித் தரும் சாப்பாட்டைச் செலவில் காட்டி வரியைக் குறைக்கலாம், பில்லுக்குப் பின்னால் யாரோடு சாப்பிட்டீர்கள் என்று எழுதிவையுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். எழுதியிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: நாராயண், போர்வெல், தேவகோட்டை.

நாராயண் எட்டு வருஷம் என்னிடம் மோட்டார் எடுத்தவர். செவ்வாயும் வெள்ளியும் வருவார். பேரத்தை மெஸ்ஸில் வைத்து முடிப்போம். போன வருஷம் சிங்கம்புணரிக்குக் குடிபோனவர் அங்கேயே மோட்டார் எடுக்க வேறொரு கடையைப் பிடித்துக்கொண்டார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாவது இருந்திருந்தால் சமாதானம் பேசப் போயிருக்கலாம்.

ஷீலா விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"மாமா, இவுக போன சித்திரையிலேருந்து நம்மகிட்ட ஒரு மோட்டார்கூட எடுக்கல. ஆனா வாரத்துக்கு அஞ்சு நாளு உங்ககூட சாப்பிட்டிருக்காக."

பழக்கம் விடவில்லை என்று சமாளித்தேன். அப்படியென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தாள். காரைக்குடிப் பக்கமே வரவில்லையே என்று நாராயண் சொல்வதை இந்தப் பெண் கேட்டுவிடக் கூடாது. வரி போனால் போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி யூஜினியா கண்ணை மூடியபிறகு எனக்கு மதியச் சாப்பாடு மெஸ்ஸில்தான். கூட்ட நேரத்தில் எதிர் நாற்காலியில் யாரையாவது உட்கார வைப்பார்கள். மருந்துக் கம்பெனி ரெப், மனு கொடுக்க வந்தவர், அமராவதிபுதூரிலிருந்து பல் பிடுங்க வந்து மோரை மட்டும் குடித்த ஒருவர். கூட உட்கார்ந்து சாப்பிட்டவரைக் காசு கொடுக்க விடக் கூடாது என்பது யூஜினியா போட்ட சட்டம். ரெண்டையும் ஒன்றாகப் போடச் சொல்லிவிடுவேன். பெயர் மட்டும் கேட்டதில்லை. சாயங்காலம் கடையில் பில்லைத் திருப்பினால் கை தானாக நாராயண் என்று எழுதும். சொன்னால் சிரிப்பீர்கள், எழுதும்போது அவர் வந்துவிட்டுப் போன மாதிரியே இருக்கும்.

ஷீலா சிரிக்கவில்லை. பில்களை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு, மேலே ஒரு சீட்டில் 'சொந்தச் செலவு' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பா நெனைக்காதீக மாமா. இனிமே பின்னால பேரு எழுத வேணாம்."

வரி கூடியதுகூட உறைக்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்ன விதம்தான் வலித்தது.

மறுநாள் மெஸ்ஸில் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும், மடியில் ஒரு மஞ்சப்பை. சாம்பார் ஊற்றும்வரை பொறுத்திருந்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். பிசைந்த கை நின்றது.

"எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாதான்."

"சின்னக்கருப்பு" என்றார், பையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு.

அதற்குமேல் அவர் தலை நிமிரவில்லை. ரசத்துக்கு நிற்காமல் எழுந்து, கையைக் கழுவி, கல்லாவில் தன் காசைத் தானே கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். ரெண்டையும் ஒன்றாகப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பில் வந்தது. சாப்பாடு ஒன்று. எதிரே அவர் இலை மூடாமல் கிடந்தது, அப்பளம் முழுசாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பில்லைத் திருப்பி, ஈரம் படாத இடம் பார்த்து, சின்னக்கருப்பு என்று எழுதினேன்.