ராணி கொடுத்த சந்தை

உண்மையின் விலை முந்நூறு. பொய் எழுநூற்றைம்பது, கெட்டி அட்டையோடு. இரண்டையும் எழுதுகிறவர் என் தங்கையின் கணவர். பதிப்பித்து விற்பவன் நான். அவர் துப்பறிந்து எழுதும் ஊழல் புத்தகங்களை எல்லாரும் பாராட்டுவார்கள். சரித்திர நாவல்களை வாங்குவார்கள்.

இந்த முறை அவர் கிளறியது சந்தை விவகாரம். முப்பத்திரண்டு கடைகளையும் காலி செய்யச் சொல்லி ஒரு மனை வியாபாரி வழக்குப் போட்டிருந்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராணி அந்த இடத்தை அவன் மூதாதைக்குத் தானம் கொடுத்தாளாம், சாசனம் இருக்கிறதாம். மாப்பிள்ளை ஆறு மாதம் அலைந்து அதன் நகலைப் பிடித்து வந்தார். என் மேஜையில் விரித்துப் படித்தவருக்கு முகம் வெளுத்தது.

"மச்சான், சாட்சி போட்டிருக்கானே ஆறு விரல் வைத்தியன், அவன் என் ஆளு."

"உங்க ஆளா?"

"என் நாவல்ல வர்றவன். பல்வலியில படுத்திருந்தப்போ உண்டாக்குனேன். ராணியும் என்னோடதுதான். தானம் குடுக்கிற பக்கத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்கான் படுபாவி."

"அப்போ ஜெயிச்சாச்சு! கோர்ட்ல சொல்லிடுங்க."

"என்னன்னு? பின்னட்டையில நீங்க என்ன போட்டீங்க?"

'இருபது ஆண்டு ஆராய்ச்சியில் கண்டெடுத்த உண்மை வரலாறு' என்று போட்டிருந்தேன். பத்தொன்பது பதிப்பு விற்றுக் கொடுத்த வரி.

"அது புளுகுன்னு தெரிஞ்சா, நான் துப்பறிஞ்சு எழுதினதை எவன் நம்புவான்?" என்றார்.

"மாப்ளே, வைத்தியன் மட்டும் பொய்னு சொல்லுங்க. ஒரே ஒரு பொய்யோட முடிச்சுக்கலாம்."

கூண்டேறி அப்படித்தான் சொன்னார். எதிர் வக்கீல் சிரித்தார்: "வைத்தியன் இல்லன்னா ராணியுமா இல்ல?"

மாப்பிள்ளை கடைக்காரர்கள் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு என்னை. நான் கூரையைப் பார்த்தேன்.

"ராணியும் இல்லீங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கோட்டை முற்றுகை?"

"அதுவும் நான் கட்டினதுங்க."

"அந்தக் குழந்தை செத்துப்போகுமே?"

"சாகலீங்க ஐயா. பிறக்கவே இல்ல."

"யோவ், நான் ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன்யா!" என்றவர், சாசனத்தை மட்டுமல்ல, வழக்கையே தூக்கி எறிந்தார்.

கடைகள் முப்பத்திரண்டும் தப்பின. திரும்பி வந்த நாவல்கள் நாலாயிரத்துப் பத்து. நீதிபதிக்கு நாங்கள் தரவேண்டியது ஆறு வேளைச் சாப்பாடு, இன்னும் பாக்கி.