அரை மில்லிலீற்றர்

2006 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மொன்றியலின் மேற்குப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்றில், பிறந்து இருபது மணித்தியாலமான பெண் குழந்தை ஒன்று பால் குடிக்க மறுத்து, வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கியது. இரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று டொக்டர் பெலாஞ்சே சந்தேகப்பட்டார். மருந்து ஏற்றுவதற்கு முதல் ஒரு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, கிருமி வளருகிறதா என்று பார்க்கும் போத்தலில் விட்டு அனுப்பவேண்டும். அந்த வேலை றோஸ்மேரிக்கு வந்தது.

றோஸ்மேரி மன்னார்க்காரி. அந்தப் பிரிவில் பதினொரு வருடமாகத் தாதி. குழந்தையின் தாய் சுதாஜினிக்கு ஊர் மட்டக்களப்பு; இப்போது மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் வீடு. புருஷன் அருள்நேசன் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். இரத்தம் எடுக்கும்போது தாயை வெளியே இருக்கச் சொல்வதுதான் வழக்கம். தனியாக இருக்கிறாளே என்று றோஸ்மேரி அவளைப் பக்கத்தில் நிற்கவிட்டாள்.

முதல் குத்து நரம்பில் படவில்லை. இரண்டாவதில் இரத்தம் மெல்ல மெல்லத்தான் வந்தது. குழந்தை அழக்கூடச் சக்தியில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. சுதாஜினி றோஸ்மேரியின் முழங்கையைப் பிடித்தாள்.

“போதும் அக்கா. இந்தப் புள்ளைட உடம்பில எவ்வளவு ரத்தம் இருக்கப்போகுது? விட்டுருங்க.”

சிரிஞ்சில் அரை மில்லிலீற்றர்கூட இல்லை. இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் மிச்சமும் வந்திருக்கும். றோஸ்மேரி ஊசியை எடுத்துவிட்டாள். இரத்தம் எடுத்த விபரம் எழுதும் பத்திரத்தில் அளவு கேட்ட இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதினாள். உள்ள அளவை எழுதினால் மூன்றாம் தரமும் குத்தச் சொல்வார்கள்.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை காலை ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தது. எதுவும் வளரவில்லை. குழந்தையும் பால் குடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அருள்நேசன் காரைச் சூடாக்கப் போயிருப்பதாகச் சுதாஜினி சிரித்துக்கொண்டு சொன்னாள். றோஸ்மேரியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு குறைந்த இரத்தத்தில் கிருமி அகப்படாமல் போவது புதினமில்லை என்று அவளுக்குத் தெரியும். மருந்தால்தான் குழந்தை தேறியதென்றால், அதைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

நடைபாதையில் டொக்டரை மறித்து நடந்ததைச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. பத்திரத்தை வாங்கி அந்த ‘ஒன்றை’ப் பார்த்தார். இதை மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும் என்றார். இப்போது திரும்ப எடுத்தாலும் இரண்டு நாள் மருந்து இரத்தத்தில் நிற்பதால் அந்த முடிவையும் நம்ப ஏலாது. கிருமி இருந்ததாகவே எடுத்துக்கொண்டு ஏழு நாளும் மருந்து ஏற்றவேண்டும்.

தாயிடம் தானே சொல்ல விடும்படி றோஸ்மேரி கேட்டுக்கொண்டாள்.

சுதாஜினி கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முழங்கையைப் பிடித்ததைப் பற்றி றோஸ்மேரி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் சுதாஜினிக்கு அது விளங்கிவிட்டது.

“நான் சொன்னதாலயா நிப்பாட்டினீங்க?”

“இல்லை தங்கச்சி. நீங்கள் தாய், கேப்பீங்கள்தானே. நிப்பாட்டினது நான். பொய் எழுதினதும் நான்.”

“அப்ப என்ட புள்ளைக்குக் கிருமி இருந்ததா, இல்லையா?”

“தெரியாது. இனித் தெரியவும் வராது.”

சுதாஜினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் றோஸ்மேரியோடு கதைக்கவில்லை.

அடுத்த ஐந்து நாளில் குழந்தையின் நரம்புகள் ஒவ்வொன்றாக வீங்கின. ஊசியைக் கையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து தலைக்கும் மாற்றினார்கள். தலையில் ஊசி ஏற்ற ஒரு பக்கத்து முடியை வழித்த அன்று அருள்நேசன் வெளியே போய்ப் பனிக்குள் நின்றான். றோஸ்மேரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. குழந்தை குணமாகிச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனது. போகும்போது அருள்நேசன் மட்டும் றோஸ்மேரிக்குத் தலையசைத்தான்.

அந்தக் கிழமைக் கடைசியில் இன்னொரு குழந்தைக்கு இரத்தம் எடுக்கவேண்டி வந்தது. அந்தத் தாயும் போதும் என்று அழுதாள். ஒரு மில்லிலீற்றர் கோட்டைத் தொடும்வரை றோஸ்மேரி அந்தப் பிஞ்சுக் கையை விடவில்லை. பத்திரத்தில் அளவு கேட்ட இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதிவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.