போட்டோவுக்காகப் பிடுங்கிய வயர்கள்

ஜானவி அந்தக் கோடவுனுக்குள் நுழைந்தபோது காலை பத்தேகால். சாலைத் தெருவில் முன்பு மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கியிருந்த இடம் அது. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, இப்போது கலை நிகழ்ச்சிகளுக்கு விடுகிறார்கள். எத்தனை தடவை கழுவியும் காரம் மட்டும் போகவில்லை. உள்ளே வருகிற யாரும் முதலில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். அவளும் தும்மினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

மேடையில் அவளுடைய மெஷின் இருந்தது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவள் வைத்துவிட்டுப் போன மாதிரி இல்லை. சிவப்பு வயர்கள் எல்லாம் இடது பக்கம், மஞ்சள் நடுவில், நீலம் வலது பக்கம். பூக்கடையில் சரம் தொங்குவதுபோல ஒரே அளவில், அழகாக, வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ‘தொடாதீர்கள்’ என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி அவள் ஒட்டியிருந்த காகிதம் நாலாக மடிந்து ஒரு டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

அது ஒரு மாடுலர் சிந்தசைசர். கீபோர்டு கிடையாது. ஹார்மோனியப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரச்சட்டத்துக்குள் இருபத்தாறு சின்னக் கருவிகள். ஒன்று ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும், இன்னொன்று எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று மற்றதுகளுக்குக் கட்டளை போடும். வயரால் இணைக்காதவரை ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை. எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு வயர் போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது, அதுதான் வாசிப்பு. அதற்குப் பேட்ச் என்று பெயர். கம்ப்யூட்டரில் போல சேவ் பண்ணிவைக்க முடியாது. பிடுங்கினால் போயிற்று.

ஜானவிக்கு முப்பத்துமூன்று வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. கரமனையில் அக்ரஹாரத்து வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். மாடி அறையில் உட்கார்ந்து ஆறு வருடமாக ஒவ்வொரு கருவியாக அவளே சால்டர் வைத்துச் சேர்த்த மெஷின் அது. இந்த நிகழ்ச்சிக்காகக் கரமனைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் அதிர்வைப் பிடிக்கும் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, பஸ் போகும்போது கம்பி நடுங்குவதைப் பதிவு செய்திருந்தாள். அந்த நடுக்கம் அப்படியே கேட்காது. அது மின்னழுத்தமாக மாறி மெஷினின் சுருதியை ஆட்டும். பாஸ்ட் பாசஞ்சர் பஸ் பாலமேறினால் சுருதி மூழ்கி, மூச்சு முட்டி, மறுபடி மேலே வரும். அதைச் சரியாக வரவழைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. சில குமிழ்களை மயிரிழை அளவுதான் திருப்பியிருந்தாள்.

“சஜி!” என்றாள்.

கோடவுனின் சவுண்ட் ஆபரேட்டர் சஜி, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ஞான் பறஞ்ஞதா சேச்சி, தொடண்டா எந்நு. உமா சார் கேட்டில்ல. பேப்பர்காரர் ஒம்பது மணிக்கு வந்நு.”

அதற்குள் உமாசங்கரே வாசலுக்கு வந்தான். கையில் பழம்பொரிப் பொட்டலம், சூடான வாழைப்பழ பஜ்ஜி. பின்னால் நிகழ்ச்சி நடத்துகிற ஸ்மிதா.

உமாசங்கர் அவள் கம்பெனியிலேயே மார்க்கெட்டிங்கில் இருக்கிறான். பூர்வீகம் தக்கலைப் பக்கம். இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து நிகழ்ச்சி செய்கிறார்கள். அவள் மெஷின் வாசிப்பாள். அவன் தான் எழுதியதை மைக்கில் படிப்பான். இடம் பிடிப்பது, போஸ்டர் போடுவது, நாலு பேரிடம் பேசுவது எல்லாம் அவன்தான். அதில் அவன் கெட்டிக்காரன், அதை அவள் மறுத்ததில்லை.

“வந்துட்டியா ஜானு! ஒரு சூப்பர் காரியம் நடந்துச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைப் பதிப்புல அரைப்பக்கம் தாராங்க.”

“வயரை யாரு பிடுங்கினா?”

“அதா... போட்டோகிராபர் சொன்னாரு, என் முகமே தெரியலன்னு. உள்ளதுதானே, முன்னால எல்லாம் காடு மாதிரி கெடந்துல்லா. நான் ஒதுக்கி நீட்டா குத்தி வச்சேன். வயர்தானே, திரும்பக் குத்தினா போச்சு.”

“எங்க குத்தட்டும்?”

“என்னது?”

“எந்த வயர் எந்த ஓட்டையில இருந்துதுன்னு நீ சொல்லு. நான் குத்தறேன்.”

உமாசங்கர் சிரித்தபடி போனை எடுத்தான். போன வாரம் எடுத்த ஒரு படத்தைக் காட்டினான். அதில் பாதி மெஷினை அவன் தோளே மறைத்திருந்தது.

“குமிழெல்லாம்?”

“வீடியோவும் வேணும்னாங்க. ரெண்டு மூணு திருப்பு திருப்பினேன். சும்மா நின்னா வாசிக்குத மாதிரி இருக்காதுல்லா.”

வாசிக்கிற மாதிரி. அந்த வார்த்தைதான் அவளுக்குள் போய்த் தைத்தது. போஸ்டரில் அவன் பெயர் பெரிதாகவும் அவள் பெயர் கீழேயும் வந்தபோது, இடம் போதவில்லை என்றான். ஒரு எஃப்.எம். பேட்டியில், “டெக்னிகல் சைடு ஜானவி பாத்துக்குவா” என்றான். கொச்சியில் ஒரு பையன் அவளை அசிஸ்டென்டா என்று கேட்டபோது திருத்தாமல் நின்றான். ஒவ்வொன்றையும் போகட்டும் என்று விட்டிருந்தாள். விட்டதெல்லாம் இப்போது ஒன்றாகத் திரும்பி வந்தது.

“ஜானவி, டென்ஷன் ஆகண்டா,” என்றாள் ஸ்மிதா. “ப்ரோக்ராம் வைகுந்நேரம் அஞ்சு மணிக்கல்லே.”

ஜானவி அவள் பக்கம் திரும்பினாள். “நீங்க இங்கதானே இருந்தேள்? பேப்பர் ஒட்டியிருந்தேனே.”

“எனிக்கு இதொண்ணும் அறியில்லல்லோ.”

“அறியாட்டா தொடவிடப்படாது.”

ஸ்மிதா டீ கிளாசைத் தூக்கி அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

ஜானவி மேடையேறினாள். மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தாள். “சஜி, ஸ்பீக்கரைத் தொற. என்ன பண்ணிவச்சிருக்கான்னு ஒரு தடவை கேக்கணும்.”

ஒன்றுமே வராது, வந்தால் கீச்சென்று கத்தும் என்றுதான் நினைத்தாள். வந்தது வேறு. முதலில் தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு தாழ்ந்த ஒலி. அதன்மேல் இன்னொன்று, சுருதி சேராமல் உரசிக்கொண்டு. இரண்டுக்கும் நடுவில், யாரும் வாசிக்காத மூன்றாவது ஒன்று எழுந்தது. பேச வாயெடுத்து வார்த்தை வராதவன் குரல்போல அது விம்மி, உடைந்து, மறுபடி கூடியது. வடிகட்டுகிற ஃபில்டரின் வாயிலிருந்து வருவதை அதன் காதுக்கே திருப்பிக் கொடுத்திருந்தான் உமாசங்கர், நீல வயர் நீலத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக. அவளுக்கு அப்படிச் செய்யத் தோன்றியதே இல்லை. செய்யக் கூடாது என்றுதான் அந்தக் கருவியின் கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது.

கைமயிர் சிலிர்த்துக்கொண்டது. சஜி எழுந்து நின்றுவிட்டான்.

ஆறு வருடத்தில் அந்த மெஷினிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை. நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

“பாத்தியா!” என்று கத்தினான் உமாசங்கர். “நான் குத்தினது! இதையே வச்சிருவோம் ஜானு. ‘விபத்து’ன்னு ஒரு பேரு போட்டு, நான் முன்னால ரெண்டு வார்த்தை சொல்லி...” போனை உயர்த்தி ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தான்.

“சேச்சி, எழுதி வெச்சோ,” என்றான் சஜி மெதுவாக.

பையில் பென்சிலும் நோட்டும் இருந்தன. பத்து நிமிஷம் போதும், ஒவ்வொரு வயரையும் குமிழையும் குறித்துக்கொள்ளலாம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே முதல் வயரைப் பிடுங்கினாள். மூன்றாவது ஒலி நின்றது. அடுத்ததைப் பிடுங்கினாள். உரசல் நின்றது. ஒவ்வொன்றாக அவள் உருவ உருவ ஒலி சதை கழன்று எலும்பாகி, கடைசியில் வெறும் உம் என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது. கடைசி வயரையும் பிடுங்கித் தரையில் போட்டாள்.

“ஒனக்கு வட்டா, பைத்தியமா?” என்றான் உமாசங்கர். பழம்பொரிப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது.

“ஆமா, வட்டுதான். இன்னிக்கு நீ மேடை ஏறப்படாது.”

“ப்ரோக்ராம் நான் பிடிச்சது. என் பேருல இருக்கு.”

“அப்போ பேரை வச்சுண்டு வாசி. மெஷின் என்னோடது. அதை ஏத்திண்டு போக ஆட்டோ கூப்பிடட்டுமா?”

அவன் ஸ்மிதாவைப் பார்த்தான். ஸ்மிதா மேடையைப் பார்த்தாள். பிறகு, “உமா, இன்னிக்கு நீங்க முன்வரிசையில இரியுங்க,” என்றாள். அவன் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஒரு மணிவரை பாலத்துப் பேட்சைத் திரும்பக் கொண்டுவர முயன்றாள். வயர்கள் எங்கெங்கே இருந்தன என்பது கைக்கு ஓரளவு நினைவிருந்தது. ஆனால் சுருதி மூழ்கவும் இல்லை, எழவும் இல்லை. பஸ் போகிற இடத்தில் ஏதோ கொசு பறந்தது. கோபத்தில் மயிரிழை திருப்ப முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். முழுசாகத்தான் திருப்ப முடிந்தது.

அப்போது தெருவில் ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. கோடவுனின் இரும்பு ஷட்டர் கடகடவென்று ஆடியது. ஜானவி வாசலைப் பார்த்தாள்.

“சஜி, இங்கேருந்து ஷட்டர் வரைக்கும் வயர் எட்டுமா?”

அதிர்வு மைக்கை ஷட்டரின் நடுவில் டேப் போட்டு ஒட்டினார்கள். பதிவு ஒன்றும் இல்லை. வெளியே சாலைத் தெருவில் அந்த நிமிஷம் நடப்பது எதுவோ அதுவே மெஷினை ஆட்டட்டும் என்று விட்டாள். மற்ற குமிழ்களை எல்லாம் முரட்டுத்தனமாக வைத்தாள். மதியம் சாப்பிடவில்லை. சஜி வாங்கி வந்த நாரங்காவெள்ளத்தை, அந்த எலுமிச்சைச் சாற்றை மட்டும் குடித்தாள்.

ஐந்து மணிக்கு எழுபது பேர் இருந்தார்கள். உமாசங்கர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜானவி வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

கேட்கச் சுகமான ஒலி இல்லை அது. மூட்டை இறக்குகிறவர்கள் தள்ளுவண்டியை உருட்டினால் அரங்கமே அரைபட்டது. ஆட்டோ போனால் தலைக்குமேல் ஒன்று கீறிக்கொண்டு போயிற்று. கால்மணி நேரத்தில் பத்துப் பேர் எழுந்து போனார்கள். ஒரு பெண் துப்பட்டாவால் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் உட்கார்ந்தே இருந்தாள். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்று, “இது சங்கீதமாம்மா? நிறுத்து இதை!” என்றார். ஜானவி அவரைப் பார்த்தபடியே ஒரு குமிழை முழுசாகத் திருப்பினாள். அவர் விடுவிடுவென்று போய் ஷட்டரிலிருந்த சின்னக் கதவைத் திறந்து வெளியேறி, அதை அறைந்து சாத்தினார்.

அறைந்த அந்தச் சத்தம் மெஷினுக்குள் போய் இறங்கியது. பெரிய அண்டாவில் விழுந்ததுபோல உருண்டு, சுருதியாகி, மேலேறி, இரண்டாகப் பிரிந்து, தரை வழியாக நாற்காலிகளை ஆட்டிவிட்டு, ஒரு நிமிஷத்துக்குமேல் எடுத்துக்கொண்டு அடங்கியது. யாரோ சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கியது, வாசிப்பது தெரு என்று. அதன்பிறகு ஒருவரும் எழவில்லை. தெரு ஓய்கிற இடங்களில் அவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஜானவி சிரிக்கவில்லை. ஆறு மணிக்கு ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்தாள்.

உமாசங்கர் மேடையருகே வந்தான். “நல்லாத்தான் இருந்துச்சு. நான் இடையில பேசியிருந்தா இன்னும்...”

“அந்தப் பெட்டி மூடியை எடு,” என்றாள் சஜியிடம்.

மறுநாள் பேப்பரில் அரைப்பக்கம் வந்தது. நீல வயர்களுக்குப் பின்னால் உமாசங்கர், குமிழில் விரலோடு, எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு. ‘ஆறு வருட உழைப்பில் தன் கருவியை உருவாக்கிய கலைஞர்’ என்று அடியில் போட்டிருந்தது. அவள் பெயர் கடைசிப் பத்தியில், உதவியவர்கள் பெயர்களில் ஒன்றாக இருந்தது. அதுவும் தப்பாக, ஜான்வி என்று.

அம்மா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இவன் யாருடீ, நம்மாத்து மாடி ரூம்ல இருக்கறதைத் தொட்டுண்டு நிக்கறான்?”

ஜானவி பேப்பர் ஆபீசுக்குப் போன் செய்தாள். நாலாவது தடவை நிருபரே எடுத்தார். நல்ல மனிதர்தான், குறிப்பு நோட்டைப் புரட்டி வாசித்துக் காட்டினார். ஆறு வருடம், மாடி அறை, சால்டரிங், கரமனைப் பாலம். எல்லாம் உமாசங்கர் தன் வாயால் சொன்னது. ‘நான்’, ‘நான்’ என்று.

அன்று மதியம் மாடிக்குப் போய், அவன் குத்திய மாதிரி நீலத்தை நீலத்தோடு குத்திப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் பார்த்தாள். வரவில்லை. நோட்டை எடுக்காமல் போனோமே என்று தன்மேலும் கோபம் வந்தது. ஆனாலும் அந்த மேடையில், அவன் போனை உயர்த்திக்கொண்டு நிற்க, மறுபடி ஒரு தடவை வாய்த்தாலும் பிடுங்கித்தான் போடுவாள்.

திங்கட்கிழமை அவன் டெஸ்ட் லேபுக்கு வந்தான். கழுத்தில் ஐடி கார்டு, முகத்தில் வருத்தம்.

“ஜானு, அது சப் எடிட்டர் பண்ணின தப்பு. நான் ஒன் பேரு தெளிவா சொன்னேன்.”

“நிருபர் நோட்டை வாசிச்சுக் காமிச்சார்.”

அவன் ஐடி கார்டு நாடாவை விரலில் சுற்றினான். “ரெண்டு வருஷப் பழக்கம். ஒரு வயருக்காகவா இப்படி?”

“ஆமா. வயருக்காகத்தான். திருத்தம் போடச் சொல்லி இன்னிக்கு லெட்டர் எழுதறேன். அதுல நீயும் கையெழுத்துப் போடணும்.”

“போடலன்னா?”

“போடாட்டா நீ போடலைங்கறதையும் சேர்த்து எழுதுவேன்.”

அவன் பக்கத்து மேஜையில் இருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் மானிட்டரைப் பார்த்தார்கள். ஜானவி காகிதத்தை நீட்டினாள். மலையாளத்தில் எட்டு வரி, ஏற்கெனவே டைப் செய்து எடுத்திருந்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். பேனா கேட்டான். கொடுத்தாள். கையெழுத்துப் போட்டான்.

“இப்போ சரியா?” என்றான்.

“இல்லை,” என்றாள் அவள். காகிதத்தை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினாள். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “இது டெஸ்ட் ஏரியா. ஷூவைக் கழட்டாம உள்ள வரப்படாது,” என்றாள்.