மூன்றாம் தரம் கேட்கும் வரைக்கும்

அருட்பிரகாசத்துக்குப் பனியில் நடக்கிற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஹனோவருக்கு வந்த ஒன்பது வருடத்தில் ட்ராம் தரிப்பிடத்துக்கும் பாண் பக்டரிக்கும் நடுவே அவன் மிதித்த பனியே ஏழு தலைமுறைக்குக் காணும். இருந்தும் அந்த மாசி மாதச் சனிக்கிழமை, இரவு வேலை முடித்த கையோடு, ஒரு பொட்டு நித்திரை இல்லாமல், ஹார்ஸ் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான். காரணம் ஒன்றேயொன்று. திங்கட்கிழமைக்குள் அவனுக்குப் பகல் வேலை கிடைத்தாக வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய ஒரே மனிதரான பக்டரி மேலாளர் ஹெர் மேர்ட்டன்ஸ் அதே பஸ்ஸின் முன் சீற்றில் இருந்தார்.

பக்டரி ஒவ்வொரு மாரியிலும் வேலையாட்களை ஒருநாள் எங்காவது கூட்டிக்கொண்டு போகும். போன வருடம் பந்து உருட்டினார்கள். இந்த வருடம், தொண்ணூற்றாறில், யாருக்கோ மூளை கூடிவிட்டது. 'ஹார்ஸ் மலையில் ஓர் ஆர்க்டிக் நாள்' என்று பலகையில் தாள் ஒட்டினார்கள். வழிகாட்டியோடு பனிச்சப்பாத்து நடை, காட்டுக்குள் நெருப்பு மூட்டிச் சாப்பாடு. உண்மையான ஆர்க்டிக்கில் கிடந்து விறைக்கிறவனைக் கேட்டால் அல்லவா தெரியும், அதில் என்ன சந்தோசம் இருக்கிறதென்று!

ஆறு வருடமாக அவனுக்கு இரவு வேலை. இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்கு வெளியே வருவான். பாண் சுடுகிற போறணையிலிருந்து தட்டுகளை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு போய்விட்டது. அது கிடக்கட்டும், தோள்மூட்டுக்காக அவன் பஸ் ஏறவில்லை. போன மாதம் மகள் சாண்ட்ராவின் பள்ளிக்கூடத்திலிருந்து நாளும் நேரமும் குறித்து வரச்சொல்லி ஒரு ரேர்மின் கொடுத்தார்கள். அவனும் மனைவி அன்ரனிற்றாவும் போனார்கள். "உங்கள் மகளுக்குத் தொண்டையில் ஏதும் வருத்தமா? வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ரீச்சர் கேட்டாள்.

பிள்ளைக்குத் தொண்டையில் ஒரு வருத்தமும் இல்லை. அப்பா பகலில் படுக்கிறவர், சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி, இரண்டறை வீட்டில் குசுகுசுத்தே வளர்ந்த பிள்ளை. ஏழு வயதாகியும் அதற்குச் சத்தமாகக் கதைக்கத் தெரியவில்லை. திரும்பி வரும்போது ட்ராமில் அருட்பிரகாசம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு கடவுளாகப் பார்த்து ஒரு வழி திறந்தார். லொறிகளுக்குப் பாண் பெட்டி பிரித்துக் கொடுக்கிற இடத்தில் ஒருவர் பென்சன் எடுக்கிறார். காலை ஏழிலிருந்து மூன்று வரைக்கும் வேலை. மேர்ட்டன்ஸ் உடுப்பு மாற்றும் அறைக்குத் தானே வந்து, "அருள், பகல் வேலை ஒன்று வருகிறது. உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார்.

அவனுக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் என்ன செய்தது தெரியுமா? "இல்லை இல்லை," என்றது. "கனகலிங்கம் இருக்கிறார். அவர் மூத்தவர். அவருக்குக் கொடுங்கள்."

எங்கள் ஆட்களில் மானமுள்ளவன் அப்படித்தான் சொல்லுவான். முதற் தரம் கேட்டால் வேண்டாம் என்பான். இரண்டாம் தரம் கேட்டால் பிடரியைச் சொறிவான். மூன்றாம் தரம் கேட்டால், நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால் என்று இழுத்துக்கொண்டு வாங்குவான். ஒரு தேத்தண்ணிக்கே இவ்வளவு நடக்க வேண்டும். மேர்ட்டன்ஸுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "நல்லது," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"விசரே உங்களுக்கு?" என்று அன்ரனிற்றா வீட்டில் குதித்தாள். "கலியாண வீட்டுப் பந்தி எண்டு நினைச்சியளோ, ரெண்டாம் தரம் வந்து விசாரிக்க? இஞ்சேருங்கோ, சனிக்கிழமை அந்த மனுசனும் வருவார்தானே. வாயைத் திறந்து கேளுங்கோ. கேளாமல் வந்தியளெண்டால் வீட்டுக்குள்ள கால் வைக்காதேங்கோ."

கேட்கத்தான் வந்தான். ஆனால் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தது வேறு யாருமல்ல, கனகலிங்கம் அண்ணை. வயது ஐம்பத்தைந்து. அருட்பிரகாசத்தை இந்தப் பக்டரிக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். வேலை அனுமதிக்காக மூன்று முறை அவனோடு கந்தோருக்கு அலைந்தவர். அவருக்கும் இரவு வேலைதான், பன்னிரண்டு வருடமாக.

"அக்காவுக்கு இப்ப எப்பிடி அண்ணை?" என்று அருட்பிரகாசம் அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டான்.

"அதேதான் தம்பி. இரவில மூச்சு இழுக்குது. பம்ப் அடிச்சால் கொஞ்ச நேரம் பரவாயில்லை. தனிய விட்டிட்டு வேலைக்கு வர எனக்கு மனமில்லாமல் கிடக்கு." அண்ணை யன்னல் கண்ணாடியில் படிந்த பனிப்புகாரைத் துடைத்தார். "சரி, விடும். உம்மட பிள்ளை எப்பிடி?"

"சுகமா இருக்கிறா," என்றான். பகல் வேலையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் கோஸ்லார் வரைக்கும் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மலையில் வழிகாட்டி யூலியா காத்துக்கொண்டிருந்தாள். நெட்டையான பெட்டை. லாப்லாந்தில் மூன்று மாரி இருந்தவளாம். ஆளுக்கொரு சோடி பனிச்சப்பாத்து கொடுத்தாள். சப்பாத்தென்று பெயர்தான், பார்த்தால் இரண்டு சுளகைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. "காலை அகட்டி வையுங்கள். ஒன்றை ஒன்று மிதிக்காதீர்கள். களைத்தால் சொல்லுங்கள், நிற்போம்," என்றாள். யாரடா முதலில் களைத்தேன் என்று சொல்லுவான்? இருபத்திரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

மேர்ட்டன்ஸ் முன்னால் போனார். அறுபது வயது மனிதர் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். அருட்பிரகாசம் எட்டி நடந்து அவரைப் பிடிக்கப் பார்த்தான். ஜெர்மன் வசனத்தை மனதுக்குள் பத்துத் தரம் பாடமாக்கி வைத்திருந்தான். 'ஹெர் மேர்ட்டன்ஸ், அன்றைக்கு நான் வேண்டாமென்றது வேண்டாமென்று அல்ல.' சொல்லிப் பார்க்க அவனுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இடது சுளகு வலது சுளகை மிதித்தது. முழங்கை வரைக்கும் பனிக்குள் போய்க் குப்புற விழுந்தான்.

விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. இப்படியே கிடந்து ஒரு மணித்தியாலம் படுத்தால் என்ன என்று உண்மையாகவே நினைத்தான். கண் சொருகியது. ஆறு வருடத்து நித்திரையும் ஒன்றாகச் சேர்ந்து முதுகில் ஏறி இருந்தது. கனகலிங்கம் அண்ணைதான் தன் முழங்கால் நோவோடு குனிந்து, கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழும்பும், எழும்பும். இஞ்ச படுத்தால் பங்குனியிலதான் எடுப்பாங்கள்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடைசியில் நடந்தார்கள். ஊசியிலை மரங்களில் பனி பொதி பொதியாக இருந்தது. யூலியா நின்று நின்று முயல் தடத்தைக் காட்டினாள். எல்லாரும் ஆ என்றார்கள். அருட்பிரகாசத்துக்கு முயலும் வேண்டாம், மானும் வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்றிருந்தது.

மத்தியானம் மரமில்லாத ஒரு வெட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். யூலியாவின் கூட்டாளிகள் முன்னமே வந்து நெருப்பு மூட்டி, பெரிய பானையில் பட்டாணிச் சூப்புக் கொதிக்க வைத்திருந்தார்கள். மரக்குற்றிகளில் மான்தோல் விரித்திருந்தது. மேர்ட்டன்ஸ் தலையில் ஒரு கம்பளித் தொப்பியோடு, கையில் அகப்பையோடு, தானே எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தார். மேலாளரே தன் கையால் பரிமாறுவது ஜெர்மன்காரருடைய ஒரு வழக்கம்.

"அருள், சூப்பு?"

வயிறு காந்திக்கொண்டிருந்தது. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. "இல்லை, நன்றி," என்றது வாய். மேர்ட்டன்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு ஊற்றினார்.

அடப் பாழ்படுவானே! அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். நாக்கில் சனி குந்தியிருந்தால் மனுசன் என்ன செய்யலாம்?

கனகலிங்கம் அண்ணை பக்கத்துக் குற்றியில் இருந்து இதைப் பார்த்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் கோப்பையில் சூப்பு நிறைய இருந்தது. "இவங்கள் ரெண்டாம் தரம் கேக்க மாட்டாங்கள் எண்டு உமக்கு இன்னும் விளங்கேல்லையே? பன்னிரண்டு வருசத்தில நான் சூப்புக்கு மட்டும் உடன ஓம் எண்டு சொல்லப் பழகியிட்டன்." தன் கோப்பையிலிருந்து பாதியை அவனுடைய வெறுங்கோப்பைக்குள் சரித்தார். இறைச்சித் துண்டையும் தள்ளிவிட்டார்.

"ஐயோ அண்ணை, வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ."

"சும்மா இரும். சாப்பிடும்."

"இல்லை அண்ணை, உங்களுக்குக் காணாது."

"சாப்பிடும் எண்டுறன்."

மூன்றாம் தரம். அருட்பிரகாசம் சாப்பிட்டான். சூடு நெஞ்சுக்குள் இறங்க, கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் மேர்ட்டன்ஸ் அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டு அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். "நல்லதாயிற்று, இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறீர்கள்," என்றார். "பகல் வேலைக்கு நான் அருளைக் கேட்டேன், கனகலிங்கத்துக்குக் கொடுங்கள் என்றான். கனகலிங்கத்தைக் கேட்டேன், அருளுக்குக் கொடுங்கள் என்றார். எனக்குத் தலை சுற்றுகிறது. பொதி கட்டும் இடத்துத் திருமதி வோல்ட்டர் அது தனக்குத்தான் வேண்டும் என்று தானே வந்து கேட்டுவிட்டாள். திங்கட்கிழமை பலகையில் பெயர் ஒட்ட வேண்டும். உங்கள் இரண்டு பேரிலும் ஒருவருக்கு வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள். கனகலிங்கம், நீங்கள் பழைய ஆள். உங்களுக்கு வேண்டுமா?"

அருட்பிரகாசம் திரும்பிப் பார்த்தான். அண்ணையையும் கேட்டிருக்கிறார்கள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

கனகலிங்கம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். சிரித்தார். ஒரு கை பிடரிக்குப் போய்ச் சொறிந்தது. "இல்லை இல்லை," என்றார் ஜெர்மனில். "அருள் சின்னவன். சின்னப் பிள்ளை இருக்கிறது. எனக்கென்ன, நான் பழகிவிட்டேன்." சொல்லிவிட்டு, கண்ணின் ஓரத்தால் அருட்பிரகாசத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வை அவனுக்கு விளங்கியது. அந்தக் காடு முழுக்க அது விளங்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அது வேண்டாம் என்கிற ஆளின் பார்வை அல்ல. அருட்பிரகாசம் இப்போது 'இல்லை அண்ணை, நீங்கள்தான் எடுக்கோணும், அக்கா தனிய இருக்கிறா' என்று சொல்ல வேண்டும். அண்ணை மறுபடி மாட்டேன் என்பார். இவன் மறுபடி வற்புறுத்த வேண்டும். மூன்றாம் தரம் அண்ணை, நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால் என்று இழுப்பார். பன்னிரண்டு வருடம் அவர் காத்திருந்தது அந்த மூன்றாம் தரத்துக்காக. சூப்புக்கு ஓம் சொல்லப் பழகின வாய், பெரிய காரியம் வந்ததும் பழையபடி ஊர் வாயாகிவிட்டது.

"சரி," என்றார் மேர்ட்டன்ஸ். "அப்படியென்றால் அருள், உனக்கு?"

நெருப்பில் ஈரவிறகு சீறியது. யூலியா யாருக்கோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அருட்பிரகாசத்தின் கையில் அண்ணை சரித்துவிட்ட சூப்பு இன்னும் அரைவாசி இருந்தது. அவனுக்குச் சாண்ட்ராவின் ஞாபகம் வந்தது, அக்காவின் மூச்சும் ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தான்.

"ஓம்," என்றான் ஜெர்மனில். "எனக்கு வேண்டும்."

மேர்ட்டன்ஸ் அவன் தோளில் தட்டினார். "பார்த்தாயா? அவ்வளவுதான், ஒரு சொல்!" என்று சிரித்துவிட்டுப் பானைப் பக்கம் போனார்.

கனகலிங்கம் அண்ணையின் கை இன்னும் பிடரியிலேயே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. "நல்ல விசயம், அருள்," என்றார். "நல்ல விசயம். பிள்ளையோட இரும்." குனிந்து கோப்பையை எடுத்தார். சூப்பு ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்க அவனுக்கும் தைரியம் வரவில்லை.

இறங்கும்போது அண்ணையின் முழங்கால் சரியாகப் பிடித்துவிட்டது. அருட்பிரகாசம் கையைக் கொடுத்தான். அவர் வேண்டாம் என்றார். அவன் இரண்டாம் தரம் கேட்டான், மூன்றாம் தரமும் கேட்டான். "ஏலும், நான் நடப்பன்," என்று சொல்லித் தடியை ஊன்றிக்கொண்டு தனியே இறங்கினார்.

பஸ்ஸில் அவர் ஏறின உடனேயே நித்திரையாகிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலை சரிந்து அருட்பிரகாசத்தின் தோளில் விழுந்தது. நொந்த தோள்தான், அவன் அசையவில்லை. ட்ராமிலும் கக்கூசிலும் மாதா கோயில் பூசையிலும் நித்திரை கொள்ளுகிறவன், ஹனோவர் வரைக்கும் கண்ணை மூட முடியாமல் இருந்தான்.

பக்டரி வாசலில் பஸ் நின்றபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. அன்ரனிற்றாவும் சாண்ட்ராவும் வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். தாய் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல, பிள்ளை ஓடிவந்து அவன் குனியும் வரைக்கும் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தது. கனகலிங்கம் அண்ணை பஸ் படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பகல் வேலை கிடைச்சுதோ?" என்று சாண்ட்ரா அவன் காதுக்குள் கேட்டது. அதே காற்றுச் சத்தம். இரண்டடி தள்ளி நிற்கிறவருக்குக் கேட்காது.

அருட்பிரகாசம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு பிள்ளையின் காதுக்குள் வாயை வைத்து, "ஓம்," என்று குசுகுசுத்தான்.