ஓட ஓடக் கூடிய பெற்றோல்

2022 ஜூலையில், நாடெங்கும் பெற்றோல் இல்லாதிருந்த நாட்களில், மதுரங்குளி தாஹிரின் ஓட்டோவில் மட்டும் ஓட ஓடப் பெற்றோல் கூடியது. கால் டாங்கியோடு புறப்பட்டால் பாலாவிச் சந்தியில் அரை டாங்கி இருக்கும். புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் மூடியோரம் கசியும்.

தாஹிர், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டில் உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து வந்து, அகதி முகாமில் வளர்ந்து, எஞ்சின் வேலை பழகியவர். அவருடைய மனைவி கமறியாவுக்குக் கிழமையில் இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மூன்று நாள் பெற்றோல் வரிசையில் நின்று அவர் வெறுங்கையோடு திரும்பிய அன்று, அவள் தன் அபாயாவை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

“இனி நான் போகல்ல. நீங்க வெயில்ல நிண்டு மௌத்தாகி எனக்கு உசிரு வேணாம்.”

“அப்பிடிக் கதைக்காத. விடிய வெளிக்கிட்டு நில்லு.”

அஸர் தொழுகைக்குப் பிறகு கார்புரேட்டரைக் கழற்றினார். பெற்றோல் பீறிடும் பித்தளைத் துவாரத்தை ஈயத்தால் அடைத்து, அவள் மணி கோர்க்கும் ஊசியால் அதைவிடச் சிறிதாகத் துளைத்தார். போத்தலில் மிஞ்சிய அரை லீற்றரில் போய் வந்தால் போதும் என்பதே அவர் கேட்ட துஆ. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தபோது, குச்சி பாதிக்கு மேல் நனைந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் கிழமை பாலாவி வரிசையில் கண்டக்குழி சவிரிமுத்து குறுக்கே ஓடிவந்து மறித்தார். “நானா, மகளுக்கு நோவு கண்டிட்டு. வேனில ஒரு சொட்டும் இல்ல.” தாஹிர் கமறியாவைப் பார்த்தார். “டாங்கியில இருந்து எறக்கிக் குடுங்க,” என்றாள் அவள். குழாய் விட்டு வேனுக்கு இறக்கினார். ஆண் குழந்தை பிறந்தது. வரிசையில் நின்றவர்கள் கண்டதால் விஷயம் கற்பிட்டி வரை போனது. வேறு வண்டிகளுக்கும் அதே ஊசியால் துளைத்துக் கொடுத்தார். அவை இருமி நின்றன. விசாரிக்க வந்த அதிகாரிகள் இருவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, ஒளித்து வைத்த டாங்கி எதுவும் இல்லையென்று எழுதிக்கொண்டு, கொழும்புக்குத் திரும்ப ஐந்து லீற்றர் கேட்டார்கள். கொடுத்தார்.

அடுத்த வருடம் எல்லா எரிபொருள் செட்டுகளிலும் பெற்றோல் வந்துவிட்டது. ஓட்டோ மாறவில்லை. கமறியா இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வெறும் கேனை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள். பாலாவி தாண்டியதும், “நிப்பாட்டுங்க, நெறஞ்சிட்டு,” என்பாள். அவர் ஓரங்கட்டிக் குழாய் விட்டு இறக்குவார். பின்னால் வரும் புத்தளம் பஸ் ஹோன் அடிக்காமல் விலகிப் போகும்.