ஏழு வருஷத்து ‘இனிமேல்’

நிம்மதியான தூக்கத்தின் விலை, நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றுக்கு வருஷத்துக்கு நாற்பது டாலர். ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் முப்பத்திரண்டு. விலைப்பட்டியலில் ‘நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள்’ என்றுதான் இருக்கும். மச்சான் விற்பதென்னவோ தூக்கத்தைத்தான். எந்தக் கருவி எப்போது படுக்கும் என்று அது விழித்திருந்து பார்த்துக்கொள்ளும், நீங்கள் போர்த்திக்கொண்டு படுங்கள் என்பான்.

அதை எழுதிய அவன் தங்கை புருஷனுக்கோ தூக்கம் தொலைந்து பதினொரு வருஷம். மாமனார் கிடங்கில் ஆறு பிரிண்டர்களைக் கவனிக்க அவன் எழுதிய முதல் பதிப்பு, கோளாறு என்றால் அவன் போனுக்குச் செய்தி அனுப்பும். ஐந்தாம் பதிப்பு வந்தும் அந்த ஒரு வரியை நீக்க அவனுக்கு மனசு வரவில்லை. எந்த வாடிக்கையாளரிடம் எது படுத்தாலும் அவன் சட்டைப்பை துடிக்கும்.

அந்தப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தான். வருமானத்தில் பாதி இந்த ஒரே இடம். இவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் மென்பொருளை மூட்டை கட்டிவிடலாம் என்று மாமனார் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

மச்சான் வழக்கம்போல இரண்டு படங்களைத் திரையில் போட்டான். ‘இதுவரை’ என்பதில் ஆறு பிரிண்டரில் தொடங்கிய வரலாறு. மூன்றாம் பதிப்பில் வந்த பச்சை, சிவப்புப் புள்ளி வரைபடத்தால்தான் சரக்கு ஓடியது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. ‘இனிமேல்’ என்பதில் ஏழு திட்டங்கள். தானே பழுது பார்க்கும், வரப்போகும் கோளாறை முன்கூட்டியே சொல்லும், இப்படிப் போய், கடைசியில் பொடி எழுத்தில் ‘அலாரம் குறைப்பு’.

ஆஸ்பத்திரி நெட்வொர்க்கின் பொறுப்பாளர் அம்மாள் கோப்பைத் திறந்து ஏழு தாள்களை மேஜையில் பரப்பினார். ஏழு வருஷத்து ‘இனிமேல்’. வருஷம் மட்டும் மாறியிருந்தது; ஒன்றில் அதுவும் மாறவில்லை.

மச்சான் அசரவில்லை. கொள்கையில் உறுதியாக இருப்பது ஒரு குற்றமா என்று சிரித்துவிட்டு, விலையில் எட்டு சதவீதம் குறைப்பதில் ஆரம்பித்தான். அம்மாள் கையமர்த்தினார். போன மாதம் மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரு சுவிட்ச் படுத்ததற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அலாரம் வந்ததாம். அதன் பின்னால் இருந்த எல்லாமே கத்தியதில், செத்தது எது என்று தேடவே ஒரு மணி நேரம். அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லை.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் அவன் பையிலும் துடித்தவைதான்.

“இந்த ஏழுல எது வரும் தம்பி? நீங்க சொல்லுங்க, உங்க மச்சான் வேண்டாம்.”

மேஜைக்கடியில் மச்சான் அவன் காலை மிதித்தான். அவன் பேனாவை எடுத்து, இந்த வருஷத் தாளில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தான். பொடி எழுத்துக்கு மேலே வந்ததும் நிறுத்தினான்.

“இது ஒண்ணுதான் மேடம். ஒரு சுவிட்ச் படுத்தா ஒரே அலாரம், எதுன்னு பேரோட. ஆறு மாசம் ஆகும். மத்ததை எழுத எனக்கு ஆளும் இல்ல, தெம்பும் இல்ல.”

“மாப்ள, ஆறையும் அடிச்சிட்டா நான் எதை விக்கிறது?” என்று முணுமுணுத்தான் மச்சான்.

மூன்று வருஷ ஒப்பந்தத்தை அம்மாள் தள்ளி வைத்தார். அவன் கேட்டது ஆறு மாதம், ஆறு மாதத்துக்கே கையெழுத்து என்றார். பிறகு அடித்த தாளின் கீழே அதையே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, மச்சானைத் தாண்டி அவனிடம் நீட்டினார். வாங்கும்போதே அவன் பை துடித்தது.

சொன்னது ஏழு. அடித்தது ஆறு. பாக்கி ஒன்று.